பரபாஸ் (எ) ஆரோக்கியசெல்வம்

ஆரோக்கியசெல்வத்தை நீங்கள் பார்க்காமல் இருந்திருக்கலாம். அவர் குரலைக் கேட்காமல் தப்பித்திருக்க முடியாது. வரதராஜன்பேட்டைப் பக்கம் முந்திரிக் காடுகளுக்கு நடுவே காலையில் ஒரு மஞ்சள் பள்ளி வேன் போகும். பிள்ளைகள் போடும் கூச்சலையும் மீறி ஓர் ஆண் குரல் பாடிக்கொண்டே வரும். வேனுக்கு ஹாரன் வேலை செய்கிறதா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. அவருக்கு அது தேவைப்பட்டதே இல்லை.

அதற்கு முன்னால் அவர் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டினார். சம்பளம் அதிகம்தான். "பேச ஆளில்ல மேடம். கல்லுகிட்ட எவ்வளவு நேரம் பேசுறது?" என்று அதை விட்டுவிட்டுப் பள்ளி வேனுக்கு வந்துவிட்டார். எந்தப் பிள்ளை ஜன்னலோரம் உட்காருவது என்று தினமும் காலையில் ஒரு பஞ்சாயத்து நடக்கும். தீர்ப்பு சொல்வதும் அவர்தான், தீர்ப்பை மாற்றுவதும் அவர்தான். அப்படி ஒரு சந்தோஷம் அந்த மனுஷருக்கு.

நான் ரஷீதா. பிறந்தது லப்பைக்குடிக்காடு, வக்கீல் தொழில் அரியலூர் கோர்ட்டில். எங்கள் வீட்டு ஆம்பிளைகள் எல்லாம் துபாய், தோஹா என்று பறக்க, நான் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு டவுன் பஸ் பிடித்தேன். எனக்குக் கோபம் சட்டென்று வரும், சிரிப்பு அதைவிடச் சீக்கிரம் வரும். இந்தத் தொழிலில் இரண்டையும் அடக்கத் தெரிய வேண்டும். ஆரோக்கியசெல்வம் வழக்கில் இரண்டும் என் சொல் பேச்சுக் கேட்கவில்லை.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் ஒரு நாள் மத்தியானம் அவர் மனைவி சுகன்யா மேரி போன் செய்தார். அவருடைய அண்ணனின் நிலத் தகராறு ஒன்றை நான் நடத்திக் கொடுத்திருந்தேன், அந்தப் பழக்கம்.

"மேடம், எங்க வூட்டுக்காரர போலீஸ் புடிச்சிட்டுப் போயிட்டாங்க. சங்கிலி அறுத்தாராம்."

"யாரு, வேன் ஓட்டுறாரே, அவரா?"

"அவர்தான் மேடம். கோழி அறுக்கவே பக்கத்து வூட்டு ஆளக் கூப்புடுற மனுசன். சங்கிலிய எங்கேருந்து அறுப்பாரு?" அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "ஸ்கூல் நடத்துற சிஸ்டர் சொல்லிட்டாங்க. ஜெயிலுக்குன்னு போயிட்டா வேன் சாவியத் திரும்பத் தர முடியாதாம். பெத்தவங்க கேப்பாங்கல்ல, அவங்களையும் குத்தம் சொல்ல முடியாது. ஆனா வேன் இல்லன்னா இவரு ஒடஞ்சு போயிடுவாரு மேடம்."

உடனே கிளம்பினேன். எந்த ஸ்டேஷன் என்று சொல்ல மாட்டேன். அங்கே எனக்கு இன்னும் வேலை இருக்கிறது.

எஸ்.ஐ. பிரசாத் எழுந்து நின்று நாற்காலி போட்டார். சின்ன வயது, கெட்டவர் இல்லை. நடந்ததைச் சொன்னார். சில வாரங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பைக்கில் வந்த தாடிக்காரன் ஒருவன் ஒரு பெண்ணின் சங்கிலியை அறுத்துக்கொண்டு போய்விட்டான். அதிலிருந்து பஸ் ஸ்டாண்டில் தாடி வைத்த ஆளைக் கண்டால் போனை நீட்டுகிறார்கள். முகத்தைப் படம் பிடித்தால், பழைய குற்றவாளிகளின் படங்களோடு ஒப்பிட்டுச் சொல்லும் ஆப் அதில் இருக்கிறது. காலை டிரிப் முடிந்து பிரேக் கேபிள் வாங்க வந்த ஆரோக்கியசெல்வத்துக்கு நேராக நீட்டியதும் போன் கத்தியிருக்கிறது.

"தொண்ணூத்தாறு பர்சன்ட் மேடம்!" என்றார் பிரசாத், தன் பிள்ளை வாங்கிய மார்க்கைச் சொல்வது போல. "அது மட்டுமில்ல, ஆளே ஒத்துக்கிட்டாரு."

ரிமாண்டுக்குத் தயாராக இருந்த அறிக்கையை என்னிடம் கொடுத்தார். பெயர்: பரபாஸ் (எ) ஆரோக்கியசெல்வம். ஊர்: எருசலேம், உடையார்பாளையம் தாலுகா. முந்தைய குற்றங்கள்: கலகம், கொள்ளை, ரோமன் என்பவரைக் கொலை செய்தது.

அறிக்கையைக் கையிலேயே எடுத்துக்கொண்டேன். உள்ளே போனேன். அடர்ந்த தாடியோடு அவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் வணக்கம் வைத்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பே எனக்கு எரிச்சலைக் கிளப்பியது.

"உங்களுக்குப் பரபாஸ்னு ஒரு பேரு இருக்கா?"

"ஆமாங்க மேடம்." முகமெல்லாம் பல். "பல வருசமா நான்தான். எனக்கு முன்னாடி எங்க மாமா."

யா அல்லாஹ், குடும்பமே இதில் இருக்கிறதா!

"ரோமனக் கொன்னீங்களா?"

"கொன்னுட்டுத்தானே மேடம் உள்ளயே வரேன்!"

"வாய மூடுங்க!" என்று நான் கத்திய கத்தில் ஸ்டேஷன் ரைட்டர் எட்டிப் பார்த்தார். இருபது வழக்கு தோற்றிருக்கிறேன், ஆனால் கட்சிக்காரர் இவ்வளவு ஆனந்தமாகக் கொலையை ஒத்துக்கொண்டு பார்த்ததில்லை.

அப்போதுதான் சுகன்யா மேரி சாப்பாட்டுத் தூக்கோடு வந்து சேர்ந்தார். அறிக்கையை அவர் கையில் கொடுத்தேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டே படித்தார். உறிஞ்சுவது நின்றது. மறுபடி முதலிலிருந்து படித்தார். பிறகு அப்படியே சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார்.

"மேடம்... ஐயோ மேடம்... இது பாஸ்கா மேடம்!"

கிறிஸ்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, எனக்குத்தான் சொல்ல வேண்டியிருந்தது. இயேசு சிலுவையில் பட்ட பாடுகளை நாடகமாகப் போடுவதற்குப் பாஸ்கா என்று பெயர். அவர்கள் ஊரில் ஈஸ்டருக்கு அடுத்த சனிக்கிழமை கோயில் மைதானத்தில் வருடா வருடம் நடக்கும். அதில் பரபாஸ் ஒரு கொள்ளைக்காரன், ரோமானியரின் சிறையில் இருப்பவன். ஆளுநர் பிலாத்து ஜனங்களைப் பார்த்து, இயேசுவை விடவா, பரபாஸை விடவா என்று கேட்பான். ஜனங்கள் பரபாஸை விடச் சொல்வார்கள். பிலாத்து, இதில் எனக்குப் பொறுப்பில்லை என்று கையைக் கழுவிக்கொண்டு பரபாஸை விட்டுவிடுவான். அந்தப் பரபாஸ்தான் நம் ஆரோக்கியசெல்வம். தவக்காலம் தொடங்கியதும் தாடி விட ஆரம்பித்துவிடுவார்.

"அப்ப எஸ்.ஐ. கிட்ட என்னத்துக்கு ஒத்துக்கிட்டீங்க?"

"அவரு 'நீதானே பரபாஸ்'னு கேட்டாரு மேடம். போலீஸ்கூட நம்ம நாடகத்தப் பாத்திருக்காங்களேன்னு எனக்கு ஒரே சந்தோசம். சரி, ஆசையா கேக்குறாரேன்னு வசனத்தச் சொல்லிக் காமிச்சேன்."

"எந்த வசனம்?"

எழுந்து நின்றார். தொப்பையை உள்ளே இழுத்தார். "ஆம்! ரோமனின் குருதி குடித்த வாள் இது! இன்னும் எத்தனை பேர் வந்தாலும் வெட்டிச் சாய்ப்பேன்!"

ரைட்டர் மேசையில் டீ கொட்டிவிட்டது.

படம் எப்படி மெஷினுக்குள் போனது என்பதையும் சுகன்யா மேரியே கண்டுபிடித்தார். ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கும் சகாய ஆனந்த் போன வருடப் பாஸ்காவுக்கு ஒரு விளம்பரம் அடித்திருந்தார். 'தேடப்படும் குற்றவாளி' என்று தலைப்பு. கீழே சங்கிலியோடு ஆரோக்கியசெல்வம், பரபாஸ் என்ற பெயர், ஊர் எருசலேம், செய்த குற்றங்கள். அடியில், 'பிடிக்க விரும்புவோர் சனிக்கிழமை மாலை கோயில் மைதானத்துக்கு வரவும்.' டவுன் முழுக்கக் கட்டினார்கள். பழைய தேடல் நோட்டீஸ்களை எல்லாம் மெஷினில் ஏற்றிய யாரோ ஒருவர், சுவரில் இருந்த இதையும் படம் எடுத்துக் கடைசி வரியை வெட்டிவிட்டு ஏற்றிவிட்டார். தாலுகா போடாமல் மெஷின் ஏற்காது போலிருக்கிறது. எருசலேமுக்கு உடையார்பாளையத்தைக் கொடுத்துவிட்டார்.

சகாய ஆனந்துக்குப் போன் போட்டேன். "அக்கா, என்னையும் உள்ள வச்சிருவாங்களா?" என்று நடுங்கினார்.

"அந்த ஃப்ளெக்ஸோட நாளைக்குக் கோர்ட்டுக்கு வரலேன்னா நானே உள்ள வச்சிருவேன்."

பிரசாத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் தொங்கிப் போய்விட்டது. ஆனால் விட மாட்டேன் என்றார். "சிஸ்டத்துல இருக்கு மேடம். நானா விட்டேன்னா நாளைக்கு என்னையத்தான் கேப்பாங்க. கோர்ட்டுல சொல்லிடுங்க, ப்ளீஸ்." எனக்கு வந்த கோபம் அவர் மேல் மட்டும் இல்லை. ஒரு மனுஷன் வந்து 'இவன்தான் திருடன்' என்று சொன்னால், நல்லாப் பார்த்தியா, இருட்டா இருந்துச்சா, உனக்கும் அவனுக்கும் பகையா என்று ஆயிரம் கேட்கிறோம். மெஷின் சொன்னால் ஒருத்தரும் ஒன்றும் கேட்பதில்லை. அன்றைக்குச் சாயங்காலம் வேனை வேறு யாரோ ஓட்டினார்கள். பிள்ளைகள் டிரைவர் அங்கிள் எங்கே என்று அழுதுகொண்டே வீட்டுக்குப் போயின.

மறுநாள் காலை நடுவர் ஜெயசித்ரா அம்மாவின் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கண்டிப்பானவர். அறிக்கையை ஒரு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார்.

"பழைய குற்றவாளின்னு எதை வச்சுச் சொல்றீங்க?"

"ஆப் காட்டுச்சும்மா. தொண்ணூத்தாறு சதவீதம்."

"எந்த ஸ்டேஷன் வழக்கு? எந்த வருஷம்?"

"அது... பதிவுல இல்லம்மா."

"இந்த ரோமன் யாரு? தகப்பனார் பேரு?"

பிரசாத் என்னைப் பார்த்தார். நான் எழுந்தேன்.

"அம்மா, புகார்தாரர் ரோமாபுரி அரசு. சம்பவம் நடந்து ரெண்டாயிரம் வருஷம் ஆச்சு."

சகாய ஆனந்த் ஃப்ளெக்ஸைப் பிரித்தார். அது பிரிந்துகொண்டே போய் வக்கீல்கள் தலையை எல்லாம் தாண்டிக் கதவு வரை போனது. 'பிடிக்க விரும்புவோர்' என்ற கடைசி வரி வந்ததும் நடுவர் கேஸ் கட்டை எடுத்து வாயை மறைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் அந்தக் கட்டு ஆடிக்கொண்டே இருந்தது.

"சங்கிலி போன அன்னிக்கு இவர் எங்கே இருந்தார்?"

"ஒத்திகையில அம்மா."

"பாத்தவங்க யாராவது?"

"யூதாஸ் வந்திருக்கார். பிலாத்து வந்திருக்கார். சிலுவையில தொங்குற ரெண்டு கள்ளனும் வெளிய நிக்கிறாங்க."

"காட்டிக்கொடுத்த யூதாஸோட சாட்சியை நான் எப்படிம்மா நம்புறது?" என்றார் நடுவர். கோர்ட்டே சிரித்தது. கூண்டில் நின்ற ஆரோக்கியசெல்வமும் சேர்ந்து சிரித்தார்.

எனக்குத்தான் அந்த இடத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. அவர் கண்ணைக் கிட்டத்தில் பார்த்தேன். சிவந்து கிடந்தது, தூங்கவில்லை.

"சிரிப்பாத்தான் இருக்கு அம்மா, எனக்கும் வருது. ஆனா இவர் நேத்து லாக்கப்ல இருந்தது நாடகம் இல்ல. சட்டம் வகுத்த முறை இல்லாம ஒருத்தரோட சுதந்திரத்தப் பறிக்கக் கூடாதுன்னு அரசியலமைப்பு இருபத்தொண்ணாவது பிரிவு சொல்லுது. ரோட்டுல போறவர் முகத்துக்கு நேரா போனை நீட்டி ஆளப் புடிக்க எந்தச் சட்டம் முறை வகுத்திருக்கு? இந்தப் படத்த யார் எடுத்தா, யார் ஏத்துனாங்கன்னு சான்று எங்கே? போலீஸ்கிட்ட சொன்ன ஒப்புதல் செல்லாதுன்னு சட்டக் கல்லூரிக்குள்ள நுழையிறப்பவே சொல்லித் தராங்க. ஆப் பொய் சொல்லல அம்மா. அது இவர் முகம்தான். முகத்துக்குப் பக்கத்துல எழுதுனதுதான் பொய். அத யார் எழுதுனான்னு ஆப்புக்கும் தெரியல, நமக்கும் தெரியல. இன்னிக்கு ஒரு நாடகக்காரர் மாட்டுனதால கதை வெளிய வந்துச்சு. வாயில்லாத ஒருத்தர் மாட்டியிருந்தா?"

நடுவர் கொஞ்ச நேரம் எழுதிக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்தார்.

"ரிமாண்ட் மறுக்கப்படுது. இந்தப் பதிவு எங்கேருந்து வந்துச்சுன்னு அறிக்கை வேணும். அழிக்கறதுக்கும் நடவடிக்கை எடுத்துட்டு வந்து சொல்லுங்க." பிறகு ஆரோக்கியசெல்வத்தைப் பார்த்து லேசாகச் சிரித்தார். "பரபாஸை விடுறதுல எனக்கு ஒரு சங்கடமும் இல்ல. போன தடவை விட்டவர் கையைக் கழுவிக்கிட்டார். நான் ஆர்டர் எழுதித் தரேன்."

கான்வென்டில் படித்தவர் என்று அப்போதுதான் தெரிந்தது.

அத்தோடு கதை முடிந்தது என்று நானும் நினைத்தேன். எங்கே முடிந்தது! திங்கட்கிழமை வேன் சாவிக்குப் போனவரைச் சிஸ்டர் உட்கார வைத்துக் காபி கொடுத்தார், சாவியைக் கொடுக்கவில்லை.

"செல்வம், உங்க மேல எனக்கு ஒரு சந்தேகமும் கிடையாது. ஆனா வேன் தெனமும் டவுன் வழியாப் போகுது. அந்த மெஷின் இன்னும் உங்க முகத்தப் பாத்தாக் கத்தும். பிள்ளைங்க கண்ணு முன்னாடி உங்கள எறக்கி நிறுத்துனா அதுங்க என்னாவும்? அழிச்சாச்சுன்னு தெரியட்டும். அதுவரைக்கும் வேற யாரையும் நிரந்தரமாப் போட மாட்டேன்."

சிஸ்டர் சொன்னது சரியாகப் போயிற்று. அந்த வாரமே பெரம்பலூரில் ஒரு தடவை நிறுத்தினார்கள், ஜெயங்கொண்டத்தில் ஒரு தடவை. கோர்ட் ஆர்டர் நகலைக் காட்டினால் விட்டுவிடுவார்கள், ஒரு போலீஸ்காரர் செல்ஃபிகூட எடுத்துக்கொண்டார். ஆனால் சுற்றி நிற்கும் ஜனங்கள் ஆர்டரையா படிக்கப் போகிறார்கள்? திருடனைப் பிடித்துவிட்டார்கள் என்றுதான் பார்ப்பார்கள்.

"மாஸ்க் போட்டுக்கிட்டுப் போங்களேன்," என்றேன் ஒரு நாள், அலுத்துப்போய்.

"என் மொகத்த நான் எதுக்கு மேடம் ஒளிக்கணும்?" என்றார். அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை. எனக்கு வெட்கமாகிவிட்டது.

வீட்டில் பாடுவதையே விட்டுவிட்டார் என்று சுகன்யா மேரி சொன்னார். நான் மனு மேல் மனு போட்டேன். பிரசாத்துக்குத் தினமும் போன். "எங்க ஸ்டேஷன்ல அழிக்க முடியாது மேடம், மேலதான் அழிக்கணும். நானும் எழுதிக்கிட்டே இருக்கேன். எனக்கும் உறுத்துது," என்பார். ஏற்றுவதற்கு ஒரு விரல் போதும், இறக்குவதற்கு ஊரே சேர்ந்து இழுக்க வேண்டியிருக்கிறது.

இதற்கு நடுவே பாஸ்கா வந்துவிட்டது. எனக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டிருந்தார்கள். இரண்டு வரிசை தள்ளி, மஃப்டியில், மனைவி பிள்ளைகளோடு பிரசாத். பார்த்தும் பார்க்காதது போல் இருந்தோம்.

பிலாத்து மேடையில் வந்து நின்றான். ஒரு பக்கம் இயேசுவாகக் கணக்கு வாத்தியார் மரிய ஆல்பர்ட். இன்னொரு பக்கம் சங்கிலியோடு ஆரோக்கியசெல்வம், குரல் கொஞ்சம் அடங்கித்தான் இருந்தது. "இவ்விருவரில் யாரை விடுதலை செய்ய வேண்டும்?" என்று பிலாத்து கேட்டான்.

"பரபாஸை!"

மேடையில் இருந்த பத்துப் பேர் கத்த வேண்டிய வசனம் அது. மைதானமே எழுந்து கத்தியது. விசில் பறந்தது. வேன் பிள்ளைகள் நாற்காலி மேல் ஏறி நின்று கத்தின. நானும் கத்தினேன், ஏன் பொய் சொல்ல வேண்டும்? பிரசாத்தும் கத்தினார், என் கண்ணால் பார்த்தேன். பிலாத்து அடுத்த வசனத்தைச் சொல்ல முடியாமல் நின்றான். இயேசுவே தலையைக் குனிந்துகொண்டு சிரித்துவிட்டார். பங்குச் சாமியார் மைக்கைப் பிடுங்கி, "யப்பா, இது பாடுகளின் நாடகம்ப்பா! கொஞ்சம் வருத்தமாக் கத்துங்க!" என்று கெஞ்சினார். ஆரோக்கியசெல்வம் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

நாடகம் முடிந்து தாடியை எடுத்தார். எடுத்த பிறகும் பஸ் ஸ்டாண்டில் மெஷின் ஒரு தடவை கத்தியது. அது தாடியைப் பார்க்கவில்லை, முகத்தைத்தான் பிடித்து வைத்திருந்தது.

பள்ளி விடுமுறை நெருங்கிக்கொண்டிருந்த ஒரு நாள் கோர்ட்டிலிருந்து தகவல் வந்தது. போனோம். சுகன்யா மேரி வந்திருந்தார், சிஸ்டரும் வந்திருந்தார். பிரசாத் அறிக்கையை நீட்டினார். பதிவு நீக்கப்பட்டது என்று எழுதியிருந்தது.

"பேப்பர்ல நீக்குனது போதாது," என்றார் நடுவர். "இங்கேயே காட்டுங்க."

பிரசாத் போனை எடுத்து ஆரோக்கியசெல்வத்தின் முகத்துக்கு நேராகப் பிடித்தார். அவர் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். சுகன்யா மேரியின் கையில் ஜெபமாலை ஓடிக்கொண்டிருந்தது. நான் பிஸ்மில்லாஹ் சொல்லிக்கொண்டேன். சிக்னல் வேறு கிடைக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. அந்தப் போனைப் பிடுங்கி எறிந்துவிடலாமா என்று இருந்தது எனக்கு.

போன் கத்தவில்லை.

"பதிவு இல்லன்னு வருதும்மா," என்றார் பிரசாத். போனைத் திருப்பி நடுவருக்குக் காட்டினார்.

"சார், இப்ப என்னைய யாருன்னு காட்டுது?" என்று ஆரோக்கியசெல்வம் கேட்டார்.

"யாரும் இல்லன்னு காட்டுதுங்க."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க சார்."

"நல்லாப் பாத்துட்டேங்க. நீங்க யாருமே இல்ல."

அவர் அப்படியே திரும்பினார். "ஏய் சுகன்யா! நான் யாருமே இல்லையாம்டி!"

கோர்ட்டின் ஜன்னல் கதவெல்லாம் அதிர்ந்தது. பெஞ்ச் கிளார்க் "சைலன்ஸ்!" என்று எழுந்தார். நடுவர் விடுங்கள் என்று கையைக் காட்டிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். ஒரு மனுஷனுக்குத் தான் யாரும் இல்லை என்று கேட்பதில் இவ்வளவு ஆனந்தம் இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. நான் ஃபைலுக்குள் தலையை விட்டுக்கொண்டு நன்றாக அழுதேன்.

வராந்தாவுக்கு வந்ததும் சிஸ்டர் பையைத் திறந்து வேன் சாவியை எடுத்தார். எடுத்துக்கொண்டேதான் வந்திருக்கிறார். ஆரோக்கியசெல்வத்தின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டார்.

"மூணரைக்குப் பெல் அடிச்சிடும் செல்வம். யாருமே இல்லாத ஆளு நேரத்துக்கு வந்து சேரணும்."